கடலைப் பார்க்காத கப்பல்காரன்

ஜூன் 7, சனி

ஒரே ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பலில் வேலை பார்த்த ஐந்து பேர் இன்று போனில் கூடினோம். பத்து நிமிடத்தில் சண்டை. அந்தப் புயல் ராத்திரி அலை, கப்பலை நடத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்கும் மேலே எழும்பி விழுந்தது என்று சிக்னல்காரன் சத்தியம் பண்ணுகிறான். விழுந்திருக்கும், நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் புயல் காதோடு சரி. பின்பக்கம் தூக்கும்போது ப்ரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து பேய் போலச் சுற்றும். திரும்ப அமிழ்ந்ததும் தட்டு முதல் தளம் வரை எல்லாம் நடுங்கும்.

நான் அடியில், கப்பலை ஓட்டும் நீராவி காய்ச்சுகிற பாய்லர் ரூம் ஆள்.

ஜூன் 8, ஞாயிறு

எங்களுடையது லியாண்டர் ரகம். இந்த ரகத்தின் முதல் கப்பல் 1963-ல் பிரிட்டன் கடற்படையில் சேர்ந்தது. அவர்கள் மட்டுமே 26 வைத்திருந்தார்கள். நீளம் சுமார் 113 மீட்டர், இரண்டு பாய்லர், 30,000 குதிரைத்திறன். அதில் என் உலகம் வால்வுகளுக்கு நடுவே நாலடி இடம்.

முதல் வாரமே மூத்த ஸ்டோக்கர் (பாய்லரைப் பார்த்துக்கொள்பவர்) என் கையில் ஒரு விளக்குமாறைக் கொடுத்தார். கூட்டத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஸ்டீம் கசியுற சத்தம் கேட்டா இதை முன்னால நீட்டிக்கிட்டு நட" என்றார். அதிவெப்ப நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை, அது ஆறிய பிறகு கொஞ்சம் தள்ளித் தெரிவது. ஓட்டை எங்கே என்று கையால் தடவினால் கை போய்விடும். குச்சி அறுந்து விழுகிற இடம்தான் ஓட்டை.

இன்றும் குக்கர் விசில் அடித்தால் ஒரு அடி பின்னால் போகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீர் எடுப்போம். முதல் பங்கு பாய்லருக்கு, மிச்சம்தான் மனிதர்களுக்கு. உப்பு கலந்தால் பாய்லர் குழாய்கள் கெட்டுவிடும். குளியல் தண்ணீர் நின்ற நாளில் மேலே இருந்தவர்கள் எங்களைத் திட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

ஜூன் 15, ஞாயிறு

ரேடார்காரன் தனியாகக் கூப்பிட்டான். அவனும் கடலைப் பார்க்கவில்லையாம். இருட்டறை, திரையில் சுற்றும் ஒரு கோடு, அவ்வளவுதான். எங்களை ஒன்று சேர்த்தது வாட்ச், அதாவது வேலை முறை, மாறும் நேரம் மட்டும்தான். சாயங்காலம் நாலு முதல் எட்டு வரையிலான நேரத்தை 'டாக் வாட்ச்' என்று இரண்டு குட்டி வாட்ச்சாக உடைத்திருப்பார்கள், முறை தினமும் நகர. இல்லாவிட்டால் நடு ராத்திரி வாட்ச் தினமும் ஒரே ஆள் தலையில் விழும்.

ஜூன் 21, சனி

சிக்னல்காரன் ஒரு படம் அனுப்பினான். பிரிட்ஜில் நின்று பல்லைக் காட்டுகிறான். பின்னால் எவ்வளவு கடல்! அதற்கும் முன்னால், புகைபோக்கியிலிருந்து கருகருவென்று புகை.

கரும்புகை என்றால் எரிய காற்று போதவில்லை, வெண்புகை என்றால் காற்று அதிகம். எப்படி வந்தாலும் பிரிட்ஜிலிருந்து திட்டு வரும். "இது உன் புகைதானே?" என்று கீழே எழுதியிருந்தான்.

என் வாட்ச் இல்லை என்று பதில் போட்டேன். நம்பவில்லை.