புது ரேம் போட்டதும் வேகம் குறைந்தது

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ரேம் 8 ஜிபி, வேகம் 2666 (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்). கூடச் சேர்க்க வாங்கியது 16 ஜிபி, 3200. இரண்டும் டிடிஆர்4 தலைமுறை. வேகம் வேறாக இருந்தால் இரண்டில் குறைந்ததற்கு இறங்கி ஓடும், 2666 எப்படியும் கிடைக்கும் என்பது கணக்கு. ஓடியதோ 2133-ல். தனியாக இருந்தபோது பழைய ஸ்டிக் (ரேம் பட்டை) ஓடிய வேகம்கூட இல்லை.

செருகுவதில் சிக்கல் எதுவும் வரவில்லை. ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்தம். விண்டோஸ் 24 ஜிபி காட்டியது. அதோடு மூடி வைத்திருந்தால் விஷயமே தெரிந்திருக்காது. வன்பொருள் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் 1066 என்று இருந்தது. டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புவதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும்.

காரணம் அதே மென்பொருளின் எஸ்பிடி (ஸ்டிக் தன் விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் சிப்) பக்கத்தில் கிடைத்தது. லேபிளில் பெரிதாக அச்சிட்ட 3200, எக்ஸ்எம்பி (தயாரிப்பாளர் ஸ்டிக்கில் பதித்துத் தரும் கூடுதல் வேக அமைப்பு) வேகம்: 1.35 வோல்ட் கொடுத்து, பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) நாமே இயக்கினால்தான் வரும். சாதாரண 1.2 வோல்ட்டில் அந்த ஸ்டிக் தன்னை 2133 என்றுதான் மதர்போர்டிடம் சொல்லிக்கொள்கிறது. போர்டும் அதை நம்பி இரண்டையும் அங்கே இறக்கிவிட்டது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது தயாரிப்பாளரின் விவரத்தாளில் உள்ள எஸ்பிடி வேகத்தை. லேபிளை மட்டும் பார்த்து வாங்கியதற்குக் கிடைத்த தண்டனை இது.

அடுத்த தவறு, எக்ஸ்எம்பியை இயக்கியது. அந்த ப்ரொஃபைல் புது ஸ்டிக்குக்கு உரியது. ஆனால் எல்லா ஸ்டிக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடியாக வேண்டும். பழையதையும் 3200-க்கு இழுத்ததில் திரை கறுத்தது, விசிறி மட்டும் சுற்றியது. பல போர்டுகள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுத் தாமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். இது திரும்பவில்லை. பவர் கேபிளைக் கழற்றி, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் க்ளியர் சீமாஸ் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சில விநாடி சேர்த்துத் தொட்ட பிறகே உயிர் வந்தது.

கடைசியில் கைகொடுத்தது, எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு எண்களைக் கையால் கொடுத்ததுதான். வேகம் 2666, டைமிங் (தாமத எண்கள்) 19-19-19-43, 1.2 வோல்ட். எல்லாமே பழைய ஸ்டிக்கின் எஸ்பிடியில் இருந்த எண்கள். வேகமான ஸ்டிக் அதற்கு இறங்கி வந்துவிடும், மெதுவானது ஏறி வராது. உடனே பூட் ஆனது. ஆனால் பூட் ஆனதை நம்பாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 முதல் சுற்றிலேயே சிவப்புப் பிழை வரிகளைக் கொட்டியது. கமாண்ட் ரேட்டை (கட்டளைக்கு முன் ரேம் காத்திருக்கும் துடிப்புகள்) 1டி-யிலிருந்து 2டி-க்கு மாற்றியதும், இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றும் சுத்தமாக முடிந்தன. இந்தச் சோதனையைத் தவிர்த்தால், பிழை பிறகு நீலத்திரையாகவோ, பிரித்தால் திறக்காத ஜிப் கோப்பாகவோ தலைகாட்டும். அப்போது ரேம் மீது சந்தேகமே வராது.

8-உம் 16-உம் சேர்ந்தால் டூயல் சேனல் (தரவு ஒரே நேரத்தில் இரு வழியில் செல்வது) கிடைக்காது என்று பலர் சொல்வது முழு உண்மையல்ல. முதல் 16 ஜிபி இரு சேனலிலும் பிரிந்து ஓடும். மிச்ச 8 மட்டும் ஒற்றைச் சேனல்.

இன்டெல் எச்310, பி360 போர்டு வைத்திருப்பவர்கள் 3200-க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், அவை 2666-க்கு மேல் ஏறாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் ரேம் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சாதாரண டெஸ்க்டாப் போர்டில் பூட் ஆகவே ஆகாது. டிடிஆர்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப நினைத்தால் இன்னும் யோசிக்க வேண்டும்: ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு ஏஎம்டி தரும் உறுதி, இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு வெறும் 3600.

பயாஸை அப்டேட் செய்தாலோ, போர்டு பேட்டரி தீர்ந்தாலோ கையால் கொடுத்த எண்கள் அழிந்துவிடும். அந்தப் பக்கத்தை ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.