இறக்கத்தில் காணாமல் போன பிரேக்

மூன்று நாள், ஏறக்குறைய 900 கிலோமீட்டர், நடுவில் ஒரு மலை. நானும் நண்பனும், ஆளுக்கொரு பைக். பையை எப்படிக் கட்டுவது, எதை மேலே வைப்பது, எதை உள்ளே திணிப்பது என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். அந்த அக்கறையில் பாதியை வண்டி மேல் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. "போன மாசம்தானே சர்வீஸ் விட்டேன்" என்ற தெம்பு. சர்வீஸில் இன்ஜின் ஆயில் மாற்றினார்கள், கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். பிரேக் ஆயிலை யாரும் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்கச் சமதளம், சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரே ஒரு சண்டை, அதுவும் டயர் காற்றுக்காக. நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நண்பன் வண்டியை நிறுத்திக் காற்றை அளந்தான். அளவு கூடுதலாகக் காட்டியது. "டேய், ஓவரா அடிச்சிருக்காங்க" என்று இறக்கப் போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஓடின டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும், அது இயல்பு. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு ஆறின டயருக்கானது. அதனால் காலையில் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் பின் டயருக்கு எவ்வளவு கூட்டுவது என்பதும் அதே ஸ்டிக்கரிலேயே இருக்கும். சூட்டில் பார்த்துக் குறைத்தால், மறுநாள் காலை தொளதொள டயரில்தான் மலை ஏற வேண்டியிருக்கும்.

அன்று இரவு தங்கிய இடத்தில் அவன் பைக்கை உருட்டும்போது 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டினால் ஓர் இடத்தில் தொய்வு, சக்கரத்தைக் கால் சுற்று சுற்றினால் அங்கே விறைப்பு. செயின் ஒரே சீராகத் தேயாது. அதனால் நாலைந்து இடத்தில் பார்த்து, மிக விறைப்பாக இருக்கும் இடத்தை வைத்துத்தான் அளவு சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான சாலை பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'தொய்வே இல்லாமல் டைட்டா வச்சா நல்லது' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆள் ஏறி, மூட்டை ஏறி, பள்ளத்தில் இறங்கும்போது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலே போகும், செயின் இன்னும் இழுபடும். அந்த இழுவை போய் விழுவது கியர்பாக்ஸ் பேரிங்கில். என்னைக் கேட்டால், ரொம்ப டைட்டான செயினைவிடச் சற்றுத் தொய்வான செயின் மேல்.

துடைக்க மண்ணெண்ணெய் போதும். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் கூடாது, உள்ளே கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ஓடி முடித்த சூட்டில், செயினின் உள்பக்கமாக லூப் (மசகு எண்ணெய்) அடித்தால் சுழலும்போது அதுவே வெளியே பரவிக்கொள்ளும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிற வேலையே வேண்டாம். துணி மாட்டினால் விரலும் கூடவே போய்விடும், கையை எடுக்க நேரம் இருக்காது.

இப்படி அவன் வண்டிக்கு வைத்தியம் பார்த்த நான் என் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மலை. ஏற்றம் சுகமாகவே போனது. மதியத்துக்கு மேல் இறக்கம். நான் நாலாவது கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன், இன்ஜின் உறுமாமல் அமைதியாக இருந்தது பிடித்திருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன் பிரேக், வளைவு தாண்டியும் லேசாகப் பிடித்தபடி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இப்படி. ஒரு வளைவுக்கு முன் லீவரை அழுத்தினேன். எதிர்ப்பே இல்லை. ஈரப் பஞ்சை அமுக்கின மாதிரி ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டியது. வண்டி அதே வேகத்தில் போகிறது.

லீவரை விட்டு விட்டுப் படபடவென்று அழுத்தினேன், மூன்றாவது அழுத்தத்தில் கொஞ்சம் பிடிப்பு கிடைத்தது. பின் பிரேக்கை மிதித்து, மூன்று, இரண்டு என்று கியரை இறக்கினேன். வண்டி அலறிக்கொண்டே வேகம் குறைந்தது. வளைவை எப்படியோ எடுத்து, அகலமான ஓரத்தில் நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விட்டேன். கால் நடுங்கியதில் சைடு ஸ்டாண்டைத் தேடவே நேரமானது. டிஸ்க்கிலிருந்து கருகின வாடை. நண்பன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான், டிஸ்க்கில் ஊற்ற. வேண்டாம் என்றேன், கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகலாம். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். விடாமல் பிரேக் பிடித்த சூடு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் போய் ஆயிலைக் கொதிக்க வைத்தது, ஆவிக் குமிழிகள் உண்டாயின. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ நசுங்கிப்போகும். அதனால்தான் லீவரில் அந்தப் பஞ்சுத்தனம். ஆயில் ஆறினதும் குமிழி அடங்கி, அரை மணி நேரத்தில் லீவர் பழையபடி கெட்டியானது. ஒன்றுமே நடக்காத மாதிரி! இதை நம்பித்தான் பலர் அப்படியே மறுபடி ஓட்டுகிறார்கள்.

ஹேண்டில்பாரில் இருக்கும் சிறு ஜன்னல் வழியாக ஆயிலைப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கஷாயக் கறுப்பில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, என் வண்டியில் நாலு வருடமாக மாற்றவே இல்லை.

மிச்ச இறக்கத்தை இரண்டாவது கியரில் இறங்கினோம். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஆட்கள் சொல்வது வண்டியின் வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளத்தான். பிரேக்கை வளைவுக்கு முன் ஒரு தடவை நன்றாகப் பிடித்து விட்டுவிட வேண்டும், தேய்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. வழியில் சிலர் நியூட்ரலில் போட்டு எங்களைத் தாண்டிப் போனார்கள், பெட்ரோல் மிச்சமாம். ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் பாய்வதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் ஓட (ஐடிலிங்) கொஞ்சம் எரியும்.

மூன்றாம் நாள் மழை. தூறல் ஆரம்பித்ததும் ஒதுங்கிக் கால் மணி நேரம் நின்றோம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்குவது அந்த முதல் கட்டத்தில்தான். பலத்த மழை கழுவிவிட்டால் பரவாயில்லை. அதன் பிறகும் வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடிகளின் மேலும் வண்டியைச் சாய்க்காமல் போனோம்.

ஊர் நெருங்கும்போது எதிரே வந்த கார் ஒன்று எங்கள் குறுக்கே திரும்பியது. ஓட்டியவர் நேராக என் முகத்தைப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன், ஆனால் அவர் கண்ணில் நான் படவே இல்லை. 1981இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு 900க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது: மற்ற வண்டிக்காரர்கள் பைக்கைக் கவனிப்பதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போகிறோம். அதனால் சந்திப்பு தெரிந்தாலே ஆக்ஸிலேட்டரை விட்டு, இரண்டு விரலை லீவர் மேல் வைத்துவிடுவேன். அன்று விரல் அங்கே இருந்தது. லீவரும் கெட்டியாக இருந்தது.

வந்த மறுநாளே பிரேக் ஆயிலை மாற்றி, குழாயில் இருந்த ஏரையும் எடுத்தாயிற்று. சீட்டைத் தூக்கினால் தெரியும்படி ஒரு டேப் ஒட்டி மாற்றிய மாதமும் வருடமும் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நாலு எண்கள், முதல் இரண்டு எண் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு எண் வருடத்தையும் சொல்லும். நண்பன் வந்து பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, தன் வண்டி சீட்டைத் தூக்கினான். எழுத அவனுக்கு ஒரு தேதியும் ஞாபகம் இல்லை.