மார்ச் மாத வேலை

நெல்லைப் பக்கம் பாசன வேலைகளுக்கு பில் பாஸ் பண்ணும் கணக்குப் பிரிவில் பல வருஷம் இருந்தேன். பத்து மாசம் தூங்கின கோப்பு மார்ச்சில் ஓட ஆரம்பிக்கும். 31ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதி. அடுத்த வருஷம் கேட்பதிலும் வெட்டு விழும். மிச்சம் பிடித்த அதிகாரிக்கு யாரும் மாலை போட்டதில்லை, “ஏன் செலவு பண்ணல?” என்று மெமோதான் வரும்.

ஒரு குளத்தில் மடை ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. சாக்கில் மண் கட்டி அடைத்துத்தான் தண்ணீரை நிறுத்துவார்கள். எஸ்டிமேட்டில் வந்ததோ கரை உயர்த்தலும், ரோட்டோரம் தடுப்புச் சுவரும். மடைக்காரர் இன்ஜினியரிடம் நேரே கேட்டார்: “தண்ணி மடை வழியாத்தான சார் வரும்? கரைக்கு மேலயா வரும்?”

சுவர் பஸ்ஸில் போகிறவன் கண்ணில் படும், கல்வெட்டில் பேரும் போடலாம். அது அரசியல்வாதியின் கணக்கு. மண் வேலை ஜேசிபிக்கு ரெண்டு நாள் சோலி. ஷட்டர் என்றால் பட்டறை, ஃபிட்டர், அலைச்சல், கான்ட்ராக்டருக்குக் கட்டாது. மடை ஒழுகும்போது இன்ஜினியர் வேறு ஜில்லாவில் இருப்பார். என் மேஜைக்கு வந்த காகிதமெல்லாம் சரி, எம்.புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில், இருந்த அளவும் சரி. தணிக்கைக்காரர்களும் காகிதத்தைத்தான் பார்த்தார்கள், வயலை அல்ல. இதில் ஒருத்தரும் ஒரு ரூபாய் திருடவில்லை என்பதுதான் விசேஷம்.

1986இல் பொருளாதார நோபல் வாங்கிய ஜேம்ஸ் புக்கானன் சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். கடையில் லாபம் பார்க்கிற மனுஷன் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு பிறவி எடுப்பதில்லை. ஆளை மாற்றிப் பிரயோஜனமில்லை, விதியை மாற்று என்றார். அவர் வழியில் வந்த சிலர், அரசே ஒதுங்கட்டும் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் எந்த முதலாளி வந்து பராமரிப்பான்?

2017இல் குடிமராமத்து, அதாவது குளத்து வேலையை ஊராரே செய்யும் பழைய முறை, திரும்ப வந்தபோது விதி மாறத்தான் செய்தது. ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்தக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்கிறவர்கள், செலவில் பத்தில் ஒரு பங்கு போட்டு, சங்கமாகச் சேர்ந்து அவர்களே வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். சங்கத் தலைவரை யார் தேர்ந்தெடுத்தது என்று பல ஊரில் சண்டை வந்தது. நான் பார்த்த ஒரு சங்கத்தின் வவுச்சரில் இருந்த ஜேசிபி பழைய கான்ட்ராக்டருடையதேதான். ஆனாலும் அந்த ஊரில் முதல் வேலையாக மடை ஷட்டரை மாற்றினார்கள். விசாரித்தால், தலைவருக்கு அதன் கீழே மூணு கோட்டை விதைப்பாடு (எங்கள் பக்கத்து நில அளவு) வயல் இருந்தது.