கறிவேப்பிலை பொழைக்குமா பொழைக்காதா

ஜூன் 8, ஞாயிறு

காலைல 7 மணிக்கே ஆரம்பிச்சிட்டேன். ரெண்டு வருஷமா 8 இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில கிடந்த கறிவேப்பிலைய 15 இன்ச் குரோ பேக்குக்கு (செடி வளக்குற பை) மாத்தியாச்சு. அடி ஓட்டை வழியா வேர் வெளிய வந்து பால்கனி டைல்ஸ்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இனிமே தாங்காதுன்னு தான் கை வச்சேன். தொட்டிய கவுத்து தட்டோ தட்டுன்னு தட்டியும் வரல, கடைசில தொட்டியவே வெட்டி எடுத்தேன், உள்ள பாத்தா நர்சரியில வச்ச அதே செம்மண்ணு, செங்கல் மாதிரி இறுகி கிடக்கு. இழுக்கும்போது அடியில பென்சில் தடிக்கு ஒரு வேர் டப்புன்னு முறிஞ்சிச்சு. அந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

சரி போனா போகுதுன்னு கோகோபீட் (தேங்கா நார் தூள்), மண்புழு உரம், கொஞ்சம் மண்ணு கலந்து சுத்தி ரொப்பி ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினேன். மொத்த செலவு 640 ரூபா. வீட்டம்மா சொன்னது ஒரே வரி: "இதைத்தான் கடையில கொசுறா குடுப்பாங்க."

(இப்பல்லாம் யாரு கொசுறு குடுக்கறாங்க, 10 ரூபா குடுத்தாத்தான் ஒரு கொத்து. நான் வாய தொறக்கல.)

ஜூன் 10, செவ்வாய்

இலையெல்லாம் தொங்கி போச்சு. வெயில்னு நெனச்சேன், எங்க பால்கனி மேக்க பாத்தது, மதியம் 2 மணிக்கு மேல அங்க நிக்க முடியாது. சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணி.

ஜூன் 12, வியாழன்

உதிர ஆரம்பிச்சிடுச்சு. சும்மா விரல் பட்டா போதும், இலை பொலபொலன்னு கொட்டுது, ஈர்க்கு மட்டும் மீன் முள்ளு மாதிரி நிக்குது. பதறிப்போய் ரெண்டு வேலை பண்ணேன். ஒண்ணு, ஹாலுக்குள்ள ஜன்னல் ஓரமா தூக்கி வச்சேன், அது சரி. இன்னொண்ணு, ஆல் 19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவுல இருக்கற கடை உரம்) ஒரு ஸ்பூன் கரைச்சு ஊத்தினேன், அது தப்புன்னு இப்ப தெரியுது. பக்கத்து ஃபிளாட் மாமி வேற "புளிச்ச மோர் விடுங்கோ, கிடுகிடுன்னு வரும்"னாங்க. மாமி வீட்டு செடி நிஜமாவே கிடுகிடுன்னு தான் இருக்கு, அதனால அதையும் ஊத்தினேன். செடிக்கு என்ன ஆச்சோ தெரியல, எறும்பு நல்லா வந்துச்சு.

உதிர்ந்த இலைய வீட்டம்மா வீணாக்கல. கழுவி நெழல்ல காய வச்சு பொடி அரைச்சிட்டா. நானும் சுடு சோத்துல நல்லெண்ணெய் விட்டு சாப்ட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான் கஷ்டமா இருந்துச்சு.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு போன் போட்டேன். எங்க ஊரு மேட்டுப்பாளையம் பக்கம், காரமடை சுத்தி செங்காம்பு கறிவேப்பிலை தோட்டம் தோட்டமா நிக்கும், அங்க பொறந்துட்டு ஒரு தொட்டி செடிய காப்பாத்த தெரியலன்னு சொல்ல வெக்கமா தான் இருந்துச்சு.

"உரம் போட்டியா சாமி?"

"ஆமாம்மா, ஒரே ஒரு ஸ்பூன்."

"வேரு அந்து கெடக்கறதுக்கு விருந்து வெச்சிருக்கற. தண்ணி குடிக்கவே தெம்பில்லாதப்ப உரத்த எங்க திங்கும்? நகத்துல சொரண்டிப் பாரு, பச்சையா இருந்தா உசுரு இருக்குது."

நுனிக்கொப்புல சொரண்டுனேன், பழுப்பு. ஒரு சாண் கீழ சொரண்டுனேன், தோலுக்கு அடியில பச்சப்பயறு தோல் கலர்ல ஈரமா ஒரு கோடு. செல்ஃபோன் டார்ச் அடிச்சு ரெண்டு தரம் பாத்தேன். காஞ்ச நுனிய மட்டும் பச்சை வர்ற எடம் வரைக்கும் நறுக்கிட்டேன். மிச்சம் இருக்கறது குச்சி தான்.

ஜூன் 18, புதன்

மாத்தம் இல்ல. மண்ணு தொட்டா ஈரமா தான் இருக்கு, அப்புறம் ஏன் இப்படி காயுது?

ஜூன் 21, சனி

கண்டுபிடிச்சிட்டேன்!

ஆபீஸ் லீவு, செடி முன்னாடி டீயோட உக்காந்திருந்தேன், வெளக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவி சும்மா மண்ணுல குத்திக்கிட்டு இருந்தேன். பை ஓரமா குத்தினா வெண்ணெயில எறங்குற மாதிரி முக்கால் அடி போச்சு, வெளிய எடுத்தா கோகோபீட் ஒட்டிக்கிட்டு ஈரமா வந்துச்சு. தண்டு பக்கத்துல குத்தினா ஒரு இன்ச்சுக்கு மேல போகவே இல்ல, வளைஞ்சு ஒடிஞ்சு போச்சு. அப்பதான் மண்டையில ஏறுச்சு. அந்த செங்கல் மாதிரி இருந்த செம்மண் உருண்டைய ஒடைக்காம அப்படியே வச்சு மூடிட்டேன்ல, நான் ஊத்துற தண்ணியெல்லாம் சுத்தி இருக்கற லேசான கோகோபீட் வழியா எறங்கி அடியில போயிடுது, நடுவுல இருக்கற உருண்டைக்குள்ள போகவே இல்ல. இருக்கற வேரு பூரா அந்த உருண்டைக்குள்ள தான் இருக்கு. ரெண்டு வாரமா குளத்துக்கு நடுவுல உக்காந்து தாகத்துல செத்துக்கிட்டு இருந்திருக்கு. நானோ மேல் மண்ண தொட்டு பாத்துட்டு ஈரம் இருக்கு ஈரம் இருக்குன்னு திரிஞ்சிருக்கேன்.

மறுபடி புடுங்கி உருண்டைய ஒடைக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. வேணாம், இன்னொரு வேரு முறிஞ்சா அவ்ளோதான். பழைய குடை கம்பிய எடுத்து தண்டுல இருந்து நாலு விரல் தள்ளி ஆறு எடத்துல மெதுவா திருகி திருகி எறக்கினேன். அப்புறம் பாப்பாவ சின்னதுல குளிப்பாட்டின டப்புல பாதி தண்ணி புடிச்சு பைய தூக்கி உள்ள வச்சேன், மேலயும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினேன். கம்பி போட்ட ஓட்டையில இருந்து பொளக் பொளக்னு குமிழி வந்துச்சு பாருங்க, முக்கால் மணி நேரம் விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. பாப்பா "அப்பா, செடி தண்ணி குடிக்குது"ன்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னா. குமிழி நின்ன பிறகு வெளிய எடுத்து, ரெண்டு செங்கல் மேல வச்சு வடிய விட்டேன். போட்ட உரமும் கொஞ்சம் கழுவிட்டு போயிருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

குச்சி குச்சியாவே இருக்கு, ஆனா இப்ப ஈர்க்குச்சி நடுவுலயும் எறங்குது. மேல ரெண்டு இன்ச் காஞ்சா தான் தண்ணி, இந்த வாரம் ஒரே தரம் தான் ஊத்தினேன். கை அரிக்குது, ஊத்தணும்னு.

பொழுது போகாம இதோட சயின்ஸ் பேர தேடி படிச்சேன், கடைசில 'கொயனிகி'ன்னு வருது. தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரங்ககிட்ட டாக்டரா வந்து செடிகொடி சேகரிச்சுக்கிட்டு திரிஞ்ச கோனிக்னு ஒருத்தர், 1785ல இறந்தவர், அவர் பேராம். நம்ம பாட்டிங்க எத்தனை தலைமுறையா தாளிச்ச இலை, பேரு அவருக்கு. கொசுறா கூட நமக்கு ஒண்ணும் தரல.

ஜூலை 6, ஞாயிறு

மூணாவது கணுவுல ஒரு புள்ளி. அழுக்குன்னு நெனச்சு தொடைக்க போயிட்டேன், நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தேன். அரிசி குருணை சைஸ்ல, பச்சையும் இல்லாம செவப்பும் இல்லாம ஒரு முளை. கீழ இன்னும் ரெண்டு. வீட்டம்மாவ கூப்ட்டு காட்டினேன், "எங்க?"ன்னா. காட்டின எடத்தையே மூணு தரம் காட்டினேன்.

அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். "இப்ப கைய வெச்சுட்டு சும்மா இருக்கோணும்"னு வாய்ஸ் மெசேஜ்.

ஜூலை 13, ஞாயிறு

11 துளிர். மறுபடி பால்கனி, ஆனா காலை வெளிச்சம் விழுற மூலையில, மதியத்துக்கு ஒரு பழைய வேட்டிய மறைப்பா கட்டியிருக்கேன். உரம் இன்னும் இல்ல.

ஜூலை 19, சனி

ஒரு பட்டாம்பூச்சி வந்துச்சு. கறுப்புல மஞ்ச பொட்டு, பின்னாடி செவப்பு பொட்டு, எலுமிச்சை பட்டாம்பூச்சி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், ரெண்டுலயும் முட்டை வைக்கும். மூணாவது மாடி வரைக்கும் ஏறி வந்து என் பதினோரு துளிர்ல ஒண்ண தேர்ந்தெடுத்து வயித்த வளைச்சு தொட்டுட்டு போயிடுச்சு. போய் பாத்தா கடுகு சைஸ்ல வெளிர் மஞ்சள் உருண்டை ஒண்ணு. இது பொரிச்சா பறவை எச்சம் மாதிரி ஒரு புழு வரும், இந்த இலைய ரெண்டு நாள்ல முடிச்சிடும்.

நசுக்க மனசு வரல. அந்த துளிர கிள்ளி எடுத்துக்கிட்டு லுங்கியோட கீழ எறங்கி, ஹவுஸ் ஓனரோட எலுமிச்சை மரத்துல ஒரு இளம் இலையோட நூல் போட்டு கட்டிட்டு வந்தேன். ஓனர் வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு என்ன பண்றீங்கன்னார். ஒண்ணும் இல்ல சார்னேன்.

10 துளிர்.