கை குயில்டிங்: முதலில் பஞ்சு, அப்புறம் ஊசி

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பை வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதுதான் குயில்டிங்; அந்தப் பஞ்சு விரிப்பின் பெயர் பேட்டிங். கடையில் கிடைக்கும் பேட்டிங்கில் பல மெஷின் தையலுக்காகச் செய்தவை. அப்படியொன்றைக் கையால் தைக்க உட்கார்ந்தால் ஊசி முரண்டு பிடிக்கும். ஊசியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அதனால் பஞ்சை முடிவு செய்த பிறகு ஊசிக்கு வருவதே சரி.

பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்க்ரிம் இருக்கிறதா என்பது. பஞ்சு இழுபடாமல் இருக்க அதோடு சேர்த்து அழுத்தியிருக்கும் மெல்லிய செயற்கை இழைத் தாள் அது. மெஷினுக்கு நல்லது, கை ஊசிக்கோ குத்திக் கடக்க வேண்டிய இன்னொரு துணி. விவரம் எழுதியிருக்காவிட்டால் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். காட்டன் பஞ்சு சட்டென்று பிரிந்து வந்தால் ஸ்க்ரிம் இல்லை.

ஸ்க்ரிம் இல்லாத பருத்திக்கு ஒரு நிபந்தனை உண்டு: தையல் வரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு இடைவெளி தாங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். வகையைப் பொறுத்து அது மாறும். அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகத் திரளும். பருத்தி துவைத்ததும் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் பழைய குயில்ட்டின் தோற்றத்தைத் தருகிறது. வேண்டாதவர்கள் வேறு பஞ்சுக்குப் போகலாம்.

ஊசி வழுக்கிக்கொண்டு போவது கம்பளியில்தான். தையல் புடைத்துத் தெரியும், மடித்து வைத்த தடமும் நிற்காது. விலை கூடுதல் என்றாலும் முதல் குயில்ட்டுக்கே இதைச் சொல்வேன். பாலியெஸ்டரிலும் ஊசி எளிதில் இறங்கும். ஆனால் அடர்நிறத் துணியில் இழைகள் வெளியே வந்து வெள்ளை ரோமம் போல நிற்கும். அங்கே கறுப்பு பேட்டிங் வாங்குங்கள்.

பின்பக்கத் துணியையும் கவனியுங்கள். படுக்கை விரிப்பு, பாட்டிக் போன்ற நெருக்கமான நெசவு, நல்ல பஞ்சின் பலனையும் கெடுத்துவிடும்.

இனி ஊசி. கை குயில்டிங்குக்கு உரியது ‘பிட்வீன்ஸ்’ என்ற குட்டை ஊசி. எண் கூடக் கூட ஊசி சிறிதாகும். புதியவர்கள் 8 அல்லது 9-இல் தொடங்கி, கை பழகியதும் 10, 11 என்று போகலாம். நீளமான ‘ஷார்ப்ஸ்’ துணிகளை இணைக்க ஏற்றது; மூன்று அடுக்கையும் சேர்த்து மேலும் கீழும் அசைத்துத் தைக்கும்போது அது வளையும், தையலும் பெரிதாகும். பிட்வீன்ஸும் நாளடைவில் வளையும். லேசான வளைவைச் சிலர் விரும்பித் தைப்பார்கள். நுனி மழுங்கியதை மட்டும் உடனே தூக்கிப் போடுங்கள்.

நூல் மெழுகுப் பூச்சுள்ள குயில்டிங் காட்டன். 18 அங்குலத்துக்கு மேல் வெட்டினால் சிக்கும், தேயும். கண்ணில் கோக்க முடியவில்லை என்றால் ஊசியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து கோத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட வழவழப்பாக இருக்கும். பெர்ல் காட்டன் 8 போன்ற தடித்த நூலில் பெரிய தையல் போடுவதென்றால் பிட்வீன்ஸின் கண் போதாது. எம்ப்ராய்டரி ஊசி எடுங்கள்.

பெரிய பேட்டிங்கை வெட்டுமுன், தைக்கப்போகும் அதே இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு துண்டுப் பஞ்சை வைத்து 8 அங்குலச் சதுரம் தைத்துப் பார்த்து, அதைத் துவைத்தும் விடுங்கள்.