புருவம் மட்டும் எப்படித் தப்பியது?

கடந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாதி முகம் வெந்துபோன என் தம்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செய்முறைத் தேர்வுக்குப் புறப்பட்ட நான், அடுத்த பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முகத்தை வேகவைத்தவளே நான்தான். விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஜெலட்டின், டிஷ்யூ காகிதம், ரப்பர் பால் ஆகியவற்றைக் கொண்டு மிகுந்த அக்கறையோடு வேகவைத்திருந்தேன்.

நான் சென்னையில் ஓர் ஒப்பனைப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறேன். மணப்பெண் அலங்காரம் கற்கப் போவதாகச் சொல்லித்தான் வீட்டில் பணம் வாங்கினேன். அது பொய்யில்லை, முதல் நான்கு மாதங்கள் அதைத்தான் கற்றேன். ஐந்தாவது மாதம் சிறப்பு ஒப்பனை என்ற பிரிவு தொடங்கியபோது, ஆசிரியை எங்களுக்கு முதலில் காட்டிய படம், 1931ஆம் ஆண்டு வெளிவந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்துக்காக ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர், நடிகர் போரிஸ் கார்லாஃபின் தலையில் பஞ்சையும் கொலோடியன் என்ற திரவத்தையும் அடுக்கடுக்காக வைத்து எழுப்பிய அந்தத் தட்டைத் தலை. அதற்கு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடித்ததாம். மணப்பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் ஆனாலே முகூர்த்தம் தவறிவிடும் என்று கதவைத் தட்டுகிற ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு பூதத்துக்காக அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர்மீது அன்றே பக்தி பிறந்துவிட்டது.

அரிதாரம் பூசுவது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்த அரிதாரம் உண்மையில் ஆர்சனிக் கலந்த மஞ்சள் நிறக் கனிமம். கூத்துக் கலைஞர்கள் அதைத்தான் முகப்பூச்சாகப் பயன்படுத்தினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் எங்களுக்கு இருக்கும் ஆபத்து சிறியது. லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாது என்பதால், முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்துவிட வேண்டும். அதைவிட முக்கியமான விதி ஒன்றை ஆசிரியை முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிப் போட்டார்: முடி உள்ள இடத்தில் லேடெக்ஸ் பூசக் கூடாது, பூசியே தீர வேண்டுமானால் வாசலினை நன்றாக அப்பிய பிறகே பூச வேண்டும். இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இறுதித் தேர்வுக்கு ஆளுக்கொரு திகில் பாத்திரத்தைச் சொந்தமாக வடிவமைக்க வேண்டும் என்று அறிவித்த ஆசிரியை, வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசு மூன்றையும் அன்றே தடை செய்துவிட்டார். பேய் எதனால் செத்தது, சாகும்போது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, செத்து எத்தனை நாளாயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதாமல் யாரும் தூரிகையைத் தொடக் கூடாது என்பது அவருடைய கட்டளை. அது நியாயமானதுதான். அடிபட்ட இடம் முதலில் சிவந்து, பிறகு நீலமும் கருஞ்சிவப்புமாக மாறி, நாளடைவில் பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகித்தான் மறையும். எத்தனையாவது நாள் என்பது தெரியாமல் எந்த வண்ணத்தைத் தொடுவது?

என்னுடைய பேய் ஒரு டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். 1950களின் தொடக்கம்வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் ஃபிலிம் மிக எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், தண்ணீருக்குள் அமுக்கினாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். படம் காட்டும் இயந்திரத்துக் கார்பன் விளக்கின் சூட்டுக்கு நேராக ஃபிலிம் ஒரு கணம் சிக்கி நின்றால் போதும். என் ஆபரேட்டர், கொட்டகையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கடைசி ரீலைக் காப்பாற்ற மீண்டும் உள்ளே போனவன். இயந்திரம் அவனுக்கு இடப்புறம் இருந்ததால் இடக் கன்னம் வெந்தது. உருகிய ஃபிலிம் துண்டு ஒன்று அந்தக் கன்னத்திலேயே பதிந்துபோனது. இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கன்னத்தில் பதிக்க ஃபிலிமுக்கு எங்கே போவது என்று தேடி, பாட்டியின் பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து ஒரு பட்டையை நறுக்கி, தம்பியின் பஞ்சிங் மெஷினால் ஓரங்களில் துளையிட்டுக்கொண்டேன்.

பாட்டியின் பங்களிப்பு அதோடு முடியவில்லை. வெளிநாட்டுச் செய்முறைகளில் செயற்கை ரத்தத்துக்குக் கார்ன் சிரப் என்று போட்டிருக்கும். எங்கள் தெரு மளிகைக் கடையில் அது கிடைக்காததால் நான் சர்க்கரைப் பாகு காய்ச்சினேன். இரண்டு முறையும் அது ஆறியவுடன் பூத்துப்போய், ரத்தம் தேங்காய் பர்ஃபியாக மாறியது. அதிரசத்துக்குப் பாகு வைத்தே தலை நரைத்த பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கச் சொன்னார். பூக்காமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் விடச் சொன்னார். சிவப்பு நிறம் பளீரென்று கேசரி போல இருக்கிறதே என்று நான் தயங்கியபோது, அவரே ஒரு கரண்டி காப்பி டிகாக்‌ஷனை ஊற்றினார். அடுத்த நொடி அது ரத்தமாகிவிட்டது. இப்படி ஒத்துழைத்தவர், ஜெலட்டின் என்பது மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது என்று தம்பி வேண்டுமென்றே போட்டுக் கொடுத்ததும், ஃபிரிட்ஜில் அதற்குப் பக்கத்தில் இருந்த தயிரை முழுவதும் கொட்டிவிட்டு, கடற்பாசியில் செய்துகொள் என்று உத்தரவிட்டார். செய்து பார்த்தேன். கடற்பாசி சென்னை வெயிலுக்கு உருகாது என்பது உண்மைதான். ஆனால் தம்பி ஒருமுறை கண் சிமிட்டியவுடன் காயம் நான்கு துண்டாக உடைந்து மடியில் விழுந்தது. கிளிசரின் சேர்த்த ஜெலட்டின் தோல்போலவே இழுபடும். அதனிடம் உள்ள ஒரே குறை, மனித உடம்பின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும் என்பது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் இந்தக் குறையின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

தேர்வு நாளன்று வேலை பாதி முடிந்திருக்கையில் மின்சாரம் போனது. மின்விசிறி நின்ற பத்தாவது நிமிடத்தில், கன்னத்து எலும்பின்மேல் நான் அத்தனை நேர்த்தியாகப் பொருத்தியிருந்த வெந்த சதை, மெல்ல மெல்லத் தாடையை நோக்கிக் குடிபெயரத் தொடங்கியது. விசிறிவிட அம்மாவை நிறுத்திவைத்து, காயத்தின் விளிம்புகளை லேடெக்ஸால் இழுத்து ஒட்டினேன். அந்த அவசரத்தில் வாயின் இடது ஓரமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. இனி அவனால் பேசவோ சிரிக்கவோ முடியாது என்பது அப்போது எனக்கு ஒரு வசதியாகத்தான் தோன்றியது.

ஆட்டோ ஓட்டுநர் தம்பியைப் பார்த்து அலறுவார் என்று நான் உள்ளூர ஆசைப்பட்டேன். அவர் அலறவில்லை. "ஏறும்மா, சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவர், பள்ளிக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பில் திரும்பாமல் நேரே பறந்தார்.

"அண்ணா, இது மேக்கப். நாங்க பரீட்சைக்குப் போறோம்" என்றேன்.

"அப்படித்தாம்மா தோணும். எங்க மச்சானுக்கு மெஷின்ல கை மாட்டினப்போ என் சம்சாரமும் கனவு கனவுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீ தைரியமா இரு."

"டேய், நீயே சொல்லுடா" என்று தம்பியை உலுக்கினேன். அவன் ஒட்டிய வாயால் "ம்ம்ம்" என்று முனகினான். அந்த முனகலைக் கேட்டவுடன் ஓட்டுநர் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் புகுந்துவிட்டார்.

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி வந்ததும், நான் மறுக்க மறுக்கத் தம்பி அதில் உட்கார வைக்கப்பட்டதும் விரைவாக நடந்து முடிந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு செவிலியர் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தவர், முதலில் பார்த்தது காயத்தை அன்று; அதன்மேல் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்த எறும்புகளை. பாட்டியின் பாகு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அவர் கையுறை மாட்டிய விரலால் விளிம்பை லேசாக நெருடி, முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். லேடெக்ஸ் கெடாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள். அந்த நெடி எவரையும் ஏமாற்றாது.

"யார் செஞ்சது இது?"

திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டும் விழுந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த திட்டு அன்று. "இவ்வளவு ஆழமா வெந்த எடத்துல எப்படிம்மா இந்த மாதிரி ரத்தம் கொட்டும்? தோல் வெளிறிப்போயோ கருகிப்போயோ தோல்பை மாதிரி விறைச்சு நிக்கும். சுத்தி இருக்கற எடத்துலதான் செவந்து கொப்புளம் வரும். ஒரு கொப்புளத்தையும் காணோம். அப்புறம், நெத்தி வரைக்கும் கருகிக் கெடக்கு, புருவம் மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

நான் வாயடைத்துப் போனேன். ஆறு வாரமாக நானும் என் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேரும் பார்த்துப் பார்த்துத் திருத்திய வரைபடத்தில், அந்தப் புருவம் கரும்பு வயல்போலச் செழித்து நின்றதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. செவிலியர் அதோடு விடாமல், கன்னத்தில் பதிந்திருந்த ஃபிலிம் துண்டின் தூக்கிக்கொண்டிருந்த முனையை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "இது முட்டி எக்ஸ்ரே ஆச்சே. நல்லாத் தேஞ்சிருக்கு. யாரோடது?"

"எங்க பாட்டியோடது."

"கீழ உக்கார விடாதீங்க. இப்ப ரெண்டு பேரும் எழுந்து வெளிய போங்க. நெசமா வந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

வெளியே ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். உண்மை தெரிந்ததும் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கு வந்த சவாரிக்குத் தாம் யாரிடமும் காசு வாங்குவதில்லை என்றும், இங்கிருந்து பள்ளிக்குப் போக மட்டும் இருநூறு ரூபாய் ஆகும் என்றும் தெரிவித்தார். முதல் சவாரியின் கருணை இரண்டாம் சவாரியில் வசூலாகிவிட்டது.

தேர்வுக்கு இருபது நிமிடம் இருந்தது. ஓட்டுநர் தம்முடைய பக்கக் கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துத் தர, நான் ஈரத்துணியால் ரத்தத்தை எறும்புகளோடு துடைத்தெடுத்தேன். காயத்தின் நடுவில் கரியைத் தேய்த்தேன். ஓரத்தில் சிவப்பைத் தீற்றி, மீந்திருந்த ஜெலட்டினைச் சொட்டுச் சொட்டாக வைத்ததும் அசல் கொப்புளங்கள் எழுந்தன. புருவத்தை மறைக்க முறையான வழி, சோப்பையோ பசைக்குச்சியையோ தேய்த்து முடியைப் படியவைத்து மேலே பூசுவது. என் பையில் இரண்டும் இல்லை. லேடெக்ஸ் இருந்தது. ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய கணத்தில், வாசலின் என்ற சொல்லே இல்லாத ஓர் உலகத்தில் நின்றுகொண்டு, இடப்புருவம் முழுவதிலும் அதை மூன்று பூச்சு பூசினேன்.

ஆசிரியை நெடுநேரம் பார்த்தார். வெந்த காயத்தில் ரத்தம் வைக்காததையும் புருவத்தை மறைத்ததையும் பாராட்டி, மாணவர்கள் பொதுவாக இவ்வளவு தூரம் யோசிக்க மாட்டார்கள் என்றார். நேரில் சென்று ஆய்வு செய்தேன் என்று பணிவோடு சொன்னேன். காயம் ஏன் வரைபடத்தில் உள்ளதைவிட இரண்டு அங்குலம் கீழே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும், வெயில் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று கிடைத்தது.

அன்று இரவு தேங்காய் எண்ணெயை ஊறவைத்து லேடெக்ஸை உரித்தபோது, முகத்தின் மற்ற இடங்களிலிருந்து அது வாழைப்பழத் தோல்போல வந்தது. புருவத்தில் மட்டும் நின்றது. பாதியை எண்ணெய் காப்பாற்றியது; மீதி, உரித்தெடுத்த ரப்பர் துண்டின் உட்புறத்தில் வரிசை குலையாமல் நின்றுகொண்டிருந்தது. வாய் விடுதலையான தம்பி, காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பேயாக இருந்தவரை அவனுக்குச் சளைக்காமல் உறிஞ்சுகுழாயில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த பாட்டி, ஒப்பனை கலைந்த முகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கி, "இப்பத்தான்டி பயமா இருக்கு" என்றார்.

ஒன்பது நாள் கழித்து அவன் படிக்கும் கல்லூரியில் ஒரு நிறுவனத்தின் வேலைக்கான நேர்காணல் இருந்தது. நான்கு மாத மணப்பெண் அலங்காரப் பயிற்சி அன்றுதான் முதன்முதலாக வீட்டுக்குப் பயன்பட்டது. வியர்வைக்குக் கரையாத மையைக் கொண்டு, ஒவ்வொரு முடியாகக் கீறி, முக்கால் மணி நேரம் எடுத்து வரைந்தேன். வேலை கிடைத்துவிட்டது. அந்த நிறுவனத்தின் அடையாள அட்டையில் அவன் புகைப்படத்தில் இருக்கும் இடப்புருவத்தின் வெளிப்பாதி என் கைவேலை.