ரேம் கூட்டுவது சுலபம், கழற்றுவதுதான் பாடு

ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கு (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ரேம் கூட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அது பாதி வேலைதான். புது மெமரி பிளாக் பிளாக்காக, பெரும்பாலும் 128 எம்பி அளவில், சிஸ்எஃப்எஸ்ஸுக்குள் (கெர்னல் தன் நிலவரத்தை ஃபைல்களாகக் காட்டும் இடம்) வந்து உட்காரும். ஒவ்வொன்றின் ஸ்டேட் ஃபைலிலும் ஆன்லைன் என்று எழுதும்வரை (ஆட்டோ ஆன்லைன் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை) அது இருந்தும் இல்லாததுதான்.

திரும்ப எடுக்கும்போதுதான் கூத்து. கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு பக்கத்தை (மெமரியின் சிறு துண்டு) அந்த பிளாக்கில் வைத்துவிட்டால் போதும், காலி செய்யாத வாடகைதாரர் மாதிரி, முழு பிளாக்கையும் அசைக்க முடியாது. அதனால் பின்னால் கழற்றும் எண்ணம் இருந்தால் முதலிலேயே ஸ்டேட் ஃபைலில் ஆன்லைன் மூவபிள் என்று கொடுங்கள், நகர்த்தக்கூடிய பக்கங்கள்தான் அங்கே வரும். அதற்காக எல்லாவற்றையும் மூவபிள் ஆக்கிவிடவும் கூடாது, கெர்னலுக்கே இடம் பற்றாமல் போகும்.

எனக்கு எரிச்சல் தருவது ஒவ்வொரு பிளாக்குக்கும் இருக்கும் ரிமூவபிள் என்ற ஃபைல். அதில் 1 என்று இருந்தால் அந்த பிளாக்கைக் கழற்றலாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? புதிய கெர்னல்களில் அதற்கு அர்த்தம், ஆஃப்லைன் வசதி (பிளாக்கைப் பயன்பாட்டிலிருந்து எடுப்பது) கெர்னலில் இருக்கிறது, அவ்வளவுதான். பழைய ஸ்கிரிப்ட்கள் உடையக்கூடாது என்று விட்டுவைத்திருக்கிறார்கள். நம்பாதீர்கள், ஸ்டேட் ஃபைலில் ஆஃப்லைன் என்று எழுதிப் பார்ப்பது ஒன்றே வழி.

இன்னொன்று, மெமரி சேர்க்கவே மெமரி வேண்டும். 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் அதன் விவரத்தைக் குறித்துவைக்க 64 பைட் கணக்கு, அதாவது 128 எம்பிக்கு 2 எம்பி. நெருக்கடியில் இதுவே கிடைக்காமல் போகலாம். மெம்மேப் ஆன் மெமரி என்ற கெர்னல் ஆப்ஷனைப் போட்டால், முடிந்த இடங்களில் அந்தக் கணக்கைப் புது மெமரியிலேயே வைத்துக்கொள்ளும்.